கோயில் மண்டபத்தில் ஆட்டக்காரர் ஏலம்

எங்கள் தோட்டத்தில் கிரிக்கெட் ஆட ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஓனர் என்று ஒருவர் வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. மேல் டிவிஷன் ஒரு பக்கம், கீழ் டிவிஷன் ஒரு பக்கம். எவன் எந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தானோ அந்தப் பக்கம் ஆடுவான். கலியாணம் முடித்து மேலே குடிபோனவன்கூட மேட்ச் அன்றைக்குக் கீழே இறங்கி வந்துவிடுவான். மைதானம் என்று நாங்கள் சொல்வது, பழைய றப்பர் மரங்களைத் தறித்து எடுத்த ஒரு மேட்டுத் தட்டு. ஓடைப் பக்கம் அடித்தால் நாலு ஓட்டம். பந்தை எடுக்க இறங்குகிறவன் அட்டைக் கடியோடு ஏறி வருவான், அதற்கு ஓட்டம் கிடையாது.

மைக் என் கையில்தான். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் றப்பர் பால் வெட்டப் போன பிறகு கைக்குழந்தைகளையும் தவழ்கிறதுகளையும் பார்த்துக்கொள்கிற இடம். அழுகிறதை அடக்கி, ஓடுகிறதை நிறுத்தி, தூங்குகிறதை எழுப்பாமல் பேசிப் பழகிய தொண்டை இது. தமிழும் சிங்களமும் தடங்கல் இல்லாமல் வரும். அதனால் மேட்ச் என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் அறிவிப்புக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கீழ் டிவிஷன் கெப்டன். பால் வெட்டுகிறவர். எனக்கு அவரைத் தெரிந்த நாள் முதல் அவர்தான் கெப்டன். மைக்கில் அவர் பெயரை நான் சொன்னதே இல்லை. "இப்ப நம்ம கெப்டன் பந்து போட வாராரு" என்பேன். அதில் கொஞ்சம் கூச்சம், நிறையப் பெருமை.

இதெல்லாம் மாறியது எஹலியகொடை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற சிங்கள முதலாளி ஒருவரால். நல்ல மனிதர். எங்கள் ஆட்கள் கூரைத் தகரமும் பெயின்ட்டும் வாங்குவது அவரிடம்தான். ஒரு வருசம் எங்கள் மேட்ச் பார்க்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஜேர்சி, கப், சவுண்ட், போனில் நேரடியாகக் காட்டுவது எல்லாம் தன் பொறுப்பு என்றார். ஒரே ஒரு நிபந்தனை. டிவியில் நடக்கிற மாதிரி நடக்கவேண்டும். டிவிஷன் கணக்கு வேண்டாம். நாலு டீம், நாலு ஓனர், ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கவேண்டும். ஓனருக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்துவிட்டால் அதற்குள் அவர்கள் ஆள் சேர்க்கலாம், யாருக்கும் பணச் செலவு இல்லை.

ஓனர் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வந்த பவிசு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. முதலாளி ஒரு டீம் எடுத்தார். முச்சந்தியில் கடை வைத்திருக்கிற கோயில் தலைவர் ஒன்று. விறகு லொறி ஓட்டுகிறவர் ஒன்று. நாலாவது கட்டாரில் வேலை செய்கிற எங்கள் லயத்துக்காரர். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே வாசலில் வளர்ந்தவர்கள். ஒரே பந்தை வைத்து இரண்டு பேரும் சுழற்பந்து பழகினவர்கள். அந்தப் பந்து தேங்காய் மட்டையில் துணி சுற்றியதாம், இப்போதும் போனில் பேசினால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். லொறிக்காரரோ, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று "என் டீமு, என் டீமு" என்று பேசுவதைக் கேட்டால் அவர் இன்னும் கூலி கொடுக்காமல் வைத்திருக்கிற லொறி உதவியாளுக்கே சிரிப்பு வரும்.

எங்கள் பொடியன்கள் பெனர் அடித்தபோது, கோயில் பெனரைப் பார்த்துப் பழகின பழக்கத்தில், மேலே பெரிதாக "ஜேர்சி உபயம்" என்று போட்டு முதலாளியின் பெயரை அடித்துவிட்டார்கள். உபயம் என்றால் என்ன என்று அவர் கேட்டார். தெய்வத்துக்குக் கொடுக்கிறவர்களுக்குப் போடுகிற சொல் என்றேன். விளம்பரம் போன கோபம் வரும் என்று பார்த்தால், மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

பெயர் கொடுக்கும் கடைசி நாள் என் வீட்டுக்காரரும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குத் திக்கென்றது. நாற்பதைத் தாண்டியவர். முழங்கால் வலி வந்து, சரிவில் பால் வாளி தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு காலைச் சாய்த்துத்தான் வைப்பார். முன்பென்றால் கீழ் டிவிஷன் என்பதே போதும், யாரும் யாரையும் விலை கேட்கவில்லை. இப்போது விலை கேட்பார்கள். கேட்காமலும் விடுவார்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க இது? ஏலம் கூறப் போறது நான். யாரும் கேக்கலன்னா நான் எப்பிடி அங்க நிப்பேன்?" என்றேன்.

"பேரு குடுக்காட்டி நானா ஒதுங்குன மாதிரி ஆகிரும். அவங்க ஒதுக்குறதுன்னா ஒதுக்கட்டும். நானா ஒதுங்க மாட்டேன்" என்றார். பிறகு, "கட்டார்க்காரன் எடுப்பான். நீ சும்மா இரு" என்றார்.

கட்டார்க்காரர் எடுப்பார் என்றுதான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைக் காம்பராவில் சின்னச் சின்னதுக்கெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஏலம் ஒரு போயா நாளில், பௌர்ணமி லீவில், நடந்தது. க்ளப் ஹவுஸில் கூரை ஒழுக்கு. ஆகவே கோயில் மண்டபம். அங்கேதான் பிழை ஆரம்பித்தது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தார்கள், முதலாளியும் கழற்றினார். பூசாரி வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். நெற்றியில் திருநீறோடு ஓனர்மார் மூன்று பேரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கட்டார்க்காரர் மட்டும் அவருடைய மச்சான் கையில் இருந்த போனில்.

எங்கள் ஆட்களுக்கு ஏலம் என்றால் ஒரே ஒரு ஏலம்தான் தெரியும். திருவிழா முடிந்த மறுநாள், அம்மன் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழமும், பூசையில் வைத்த தேங்காயும், சாத்தின சேலையும் அதே மண்டபத்தில் ஏலம் போகும். அதற்கு யாரும் எழுதி வைக்காத முறைகள் உண்டு. பிள்ளை வேண்டும் என்று ஒருத்தி பழம் கேட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மாமனார் கேட்டதை மருமகன் கூட்டிக் கேட்க மாட்டான். எதுவும் மிஞ்சக் கூடாது. யாரும் கேட்காத சாமானைத் தலைவர் தன் தலையில் போட்டுக்கொள்வார், அதுவரை மூன்றாம் தரம் சொல்ல மாட்டார்கள்.

முதல் பெயர் மேல் டிவிஷனின் சிறந்த அடிகாரன். லொறிக்காரர் நூறு புள்ளி என்றார். அதுதான் ஆரம்ப விலை. நான் மற்றவர்களைப் பார்த்தேன். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "அவரு கேட்டுட்டாருல்ல, எடுத்துக்கட்டும்" என்றார். இரண்டாவது பெயரைத் தலைவர் நூறுக்குக் கேட்டார். லொறிக்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். மூன்றாவது பையன் கட்டார்க்காரரின் தங்கை மகன். அவனை வேறு யாராவது கேட்பதா? இப்படியே ஒவ்வொருவனும் நூறு, நூறு, நூறு. தோட்டத்தில் ஆறு அடித்து ஓடையைத் தாண்டுகிறவனும் நூறு, அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவனும் நூறு.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மே மொன வெந்தேசியக்த?" என்றார், இது என்ன மாதிரி ஏலம் என்று. எல்லாரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்களா என்றும் கேட்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்த மனிதர் செலவு பண்ணி, கெமராவுக்கு ஆள் பிடித்து வந்திருக்கிறார். இவர்கள் விருந்துக்கு வந்த சம்பந்திமார் மாதிரி விட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"நிப்பாட்டுங்க எல்லாத்தையும்" என்றேன் மைக்கில். "இது எலுமிச்சம்பழம் இல்ல. மாமன் மச்சான் பாசத்த எல்லாம் செருப்போட வெளிய வச்சிட்டு வாங்க. ஜெயிக்கணும்னு நெனைக்கிறவரு மட்டும் கேளுங்க. டீமுக்கு வேணும்னா அடிச்சுக் கேளுங்க, வேணாம்னா விடுங்க. பாவம் பாத்து யாரும் யாரையும் எடுக்க வேணாம்!"

மண்டபமே சிரித்தது. முதலாளிக்குச் சிங்களத்தில் சொன்னேன், அவர் கை தட்டினார். முதலில் இருந்து மறுபடி ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஏலம். லொறிக்காரர் முந்நூறு என்றார், தலைவர் நானூறு என்றார், கட்டாரில் இருந்து ஐந்நூறு வந்தது. முதலாளி முழந்தாளில் நின்றுகொண்டு விரலை விரித்துக் காட்டினார். சொந்தத் தங்கை மகன் கைவிட்டுப் போனதற்குக் கட்டார்க்காரர் போனுக்குள் இருந்து கத்தினார். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் விசிலடித்தது. வெளியே மழை கொட்டுவது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் குஷி ஏறிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு மணி நேரம் நான் என் வீட்டுக்காரரை மறந்தே போனேன்.

கையில் இருந்த அடுத்த பெயர்த் துண்டைப் பிரித்தேன். அவர் பெயர்.

சொன்னேன். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிராத பெண்டுகள் ஒரு பக்கமாகக் கிளுகிளுவென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பந்துவீச்சு. கீழ் டிவிஷன் கெப்டன். ஆரம்ப விலை நூறு" என்றேன். அவர் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை.

முதலாளிக்கு அவரைச் சரியாகத் தெரியாது. லொறிக்காரர் தன் புள்ளிக் கணக்கைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். நான் போனைப் பார்த்தேன். கட்டார்க்காரர் முகம் அதில் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு கண்ணைக் கீழே போட்டார். அவருடைய மச்சான் மெதுவாகப் போனைத் திருப்பித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவருக்கும் ஜெயிக்கவேண்டும் அல்லவா. நான்தானே சொன்னேன்.

"ஒரு தரம்" என்றேன்.

கோபம் எனக்குக் காதுவரை ஏறியது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருசம் இந்த மனிதர் போட்ட பந்தில் கப் வாங்கிக் கோயிலில் வைத்துப் படம் பிடித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன் கால் மாற்றி நின்றான். ஒருவன் கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு தரம்."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. "ரெண்டு தரம்" என்று இன்னொரு தடவை சொன்னேன். "பாருங்க, அனுபவமுள்ள ஆளு... ரெண்டு தரம்..." கெமராக்காரன் என் முகத்துக்குக் கிட்டே வந்தான். அவன் கையைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. மறுபடியும் "ரெண்டு தரம்" என்றேன். இப்போது பெண்டுகள் சிரிக்கவில்லை.

அப்போது தலைவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்தேன். அவர் டீமுக்குப் பந்துவீச்சுக்காரர்கள் வேண்டிய மட்டும் சேர்ந்தாயிற்று. ஆனால் மண்டபத்தில் ஒன்று மிஞ்சிக் கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. யாரும் கேட்காத தேங்காயை எடுப்பாரே, அதே முகம். முழங்காலில் இருந்து அவர் கை மெல்ல எழும்பியது. உயரட்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. உயர வேண்டாம் என்றும் அடித்துக்கொண்டது.

"மூணு தரம்!"

மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. தூணுக்குப் பக்கத்தில் இருந்து வந்த குரல். பந்து கைக்கு வரும்போது ஆட்களை விலகச் சொல்லிக் கத்துவாரே, அதே குரல். தலைவரின் கை பாதியில் நின்று, திரும்பிப் போய்த் தொடையில் உட்கார்ந்தது.

முதலாளி இங்குமங்கும் பார்த்தார். "கவுத கத்தே?" என்றார், யார் எடுத்தது என்று.

"கவுருத் நே மஹத்தயா" என்று என் வீட்டுக்காரரே பதில் சொன்னார், யாரும் இல்லை என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? அடுத்த பேரக் கூப்புடு. பொடியன்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல" என்றார்.

துண்டைப் பிரித்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது, ஆனாலும் வாசித்தேன். கீழ் லயத்துப் பொடியன் ஒருத்தன், பள்ளிக்கூடம் முடித்தவன். இருநூறு, முந்நூறு என்று உடனே சத்தம் கிளம்பிவிட்டது. அவர் தூணில் சாய்ந்துகொண்டு எல்லாரோடும் சேர்ந்து விசிலடித்தார். அந்த மனிதர்மேல் அந்த நிமிசம் எனக்கு வந்த ஆசை, தாலி கட்டின அன்றைக்குக்கூட வந்ததில்லை.