ஸ்கேனுக்கு முன் ஒப்பித்த பதில்கள்

என் கணவருக்கு ஐம்பத்தாறு வயது. எங்கள் இருவருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை. அவருக்கு மறதி அதிகமானதால் டாக்டரிடம் போனோம். சாதாரணக் கேள்விகளுக்கே திணறினார். டாக்டர் மூளை ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்.

அவர் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். கம்பெனியில் ஆடிட் என்றால், சோதிக்க வருபவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். நானும் அவரை அப்படியே தயார் செய்தேன். ஸ்கேனோடு போன அன்று, ராயக்கோட்டை பஸ்ஸில் கிழமை, மாதம், ஊர்ப்பெயர் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

"இன்னிக்கு ஆடிட்டரு வராரா?" என்று சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னார். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "ஞாபகத்துக்கான இடம் ரொம்பச் சுருங்கியிருக்கும்மா. பதில் மட்டும் எப்படி இவ்ளோ சரியா வருது?"

டாக்டர் என்னைக் காட்டி அவரிடம், "இவங்க யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தாங்க சார். நல்லவங்க. என்னென்னமோ சொல்லிக் குடுத்தாங்க."

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

வேலையை மட்டுமே பார்த்த நான், அவர் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. இப்போது யார் அவரிடம் எது கேட்டாலும் நான் குறுக்கிடுவதில்லை. "தெரியலீங்க" என்று அவரே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். அதைக் கேட்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.