சேகரின் டிரம்பெட் கேட்க மயிலாப்பூர் போனது

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து; நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கைச்சோற்றில் ஆளானவர்கள். நான் பெற்றதில் கடைசி சேகர். கோபன்ஹேகன் என்ற ஊரில் ஜாஸ் என்கிற சங்கீதத்தை டிரம்பெட்டில் வாசித்துப் பிழைக்கிறான். போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தச் சங்கீதத்தை அவன் வாசித்து நான் கேட்டதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் குழுவோடு மயிலாப்பூரில் வாசிக்க வந்தான், போய்க் கேட்டேன். எங்கள் பிளாக் பெண்கள் யாருக்கும் வர முடியவில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் கையால்தான் எழுதுவேன்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெரும்பாக்கத்தில் பஸ் ஏறினோம். எனக்கு டிக்கெட் கிடையாது, பெண்களுக்கு இலவசம். சேகருக்குப் பத்து ரூபாய். டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, “இன்னா பெரிம்மா, பொட்டியில இன்னா கீது?” என்றார்.

“எங்க வூட்டு சோறு கீது” என்றேன்.

பசி என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தார். லக்கேஜ் சீட்டு போடவில்லை.

மூன்று ஐம்பதுக்கு வேளச்சேரி ஸ்டேஷன். மயிலாப்பூருக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமையானதால் பெட்டியில் பத்துப் பேர்கூட இல்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்தோம். அங்கே அவன் பிழைப்பு எப்படி என்று அந்த ரயிலில்தான் முழுதாகக் கேட்டேன். போனில் எப்போதும் “நல்லா கீறேம்மா” என்பதோடு சரி.

வெள்ளியும் சனியும் ஓட்டல் பாரில் வாசிப்பு. ஞாயிறு காலை இன்னொரு ஓட்டலில், சனங்கள் முட்டை சாப்பிடும்போது வாசிக்க வேண்டும். ஸ்பூன் சத்தத்துக்கு மேலே போகக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குப் பாடம். கல்யாணம் வந்தால் கல்யாணம், சாவு வந்தால் சாவு. பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்கப் பனியிலும் சைக்கிள்தான். வீட்டில் ஊதினால் மேல்மாடிக்காரர் தடியால் தட்டுவார் என்று அலமாரியைத் திறந்து, தொங்குகிற கோட்டுகளுக்குள் டிரம்பெட்டின் வாயை நுழைத்துச் சாதகம் செய்கிறானாம்.

“நம்ம பேண்டு செட்டு மாரிதாம்மா. குளிரு மட்டும் சாஸ்தி” என்றான்.

போன வருடக் குளிர்காலத்தில் சைக்கிள் வழுக்கி விழுந்ததில் முன்பல் உடைந்து, மேலுதட்டில் தையல். எட்டு மாதம் வாசிக்கவில்லை. எங்களிடம் லீவு என்று சொல்லியிருந்தான். உதடு போனால் டிரம்பெட்காரனுக்கு எல்லாம் போனது. வருடா வருடம் வேலைக் காகிதம் காட்டினால்தான் அந்த ஊரில் இருக்கவும் முடியும். பியானோ வாசிக்கும் மார்த்தா என்ற பெண்தான் குழுவுக்குத் தலைவி. இன்று அவன் உதடு தாங்கினால் கோடைகாலக் கச்சேரிகள் அத்தனைக்கும் அவன்தான். தாங்காவிட்டால் வேறு ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம்.

கோட்டூர்புரம் தாண்டி ரயில் ஆற்றின் மேலே போனது. மேற்கே இரண்டு வளைவு தள்ளி, சைதாப்பேட்டைக் கரையில்தான் எங்கள் வீடு இருந்தது. பெருவெள்ளத்துக்குப் பிறகு எல்லாரையும் பெரும்பாக்கம் அனுப்பிவிட்டார்கள். ஆற்றைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். அடையாறில் நான் இருபது வருடம் ஆயாவாக இருந்த பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டர் வேலை காலி. சேகர் வந்தால் எடுத்துக்கொள்வதாக எனக்கு வாக்கு கொடுத்திருந்தார்கள்.

“நான் சொல்லி வச்சிகீறேன் நைனா. ஜூன்ல சேரலாம். வூட்டு சாப்பாடு.”

“பாக்கலாம்மா. இன்னிக்கி வாசிச்சிட்டு சொல்றேன்.”

மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று எனக்கு நிம்மதி.

நாலரை மணிக்கு மயிலாப்பூரில் இறங்கினோம். லஸ் பக்கமெல்லாம் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்திருந்தார்கள். ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். நடக்கிற தூரத்துக்கு அறுபதா என்றேன். “நடக்கிற தூரம்னா நட பெரிம்மா” என்றார். நடந்தோம். பதினைந்து நிமிடம்.

அரங்கம் சின்னது, நூறு நாற்காலி இருக்கும். முதல் வரிசையில் என்னை உட்கார வைத்தான். ஆறு பத்துக்கு ஆரம்பித்தார்கள். மார்த்தா பியானோ, தாடி வைத்த ஒருவர் ஆள் உயரத்துக்குப் பாஸ் என்கிற பெரிய வயலின், நம் ஊர்க்காரர் ஒருவர் டிரம்ஸ். முதல் பாட்டு வேகமாக ஓடியது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது மெதுவானது. சேகர் மூன்று நிமிடம் ஊதியிருப்பான். திடீரென்று டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தான். ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் சைதாப்பேட்டை பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். ஊர்வலம் போய்ச் சேரும்வரை யாரும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்க மாட்டார்கள். எடுத்தால் உதடு வெடித்துவிட்டது, இல்லை மூச்சு போய்விட்டது. அப்படி எடுத்தவர்களுக்கு ஓடிப்போய் வெந்நீர் கொடுப்பது என் வேலையாக இருந்தது.

சேகர் எடுத்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். முடிந்தது, இனி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று ஒரு சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே, பெற்றவளா நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பையில் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். வெந்நீரை மூடியில் ஊற்றி நீட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சேகர் மேடை ஓரம் மண்டியிட்டு என் காதருகே குனிந்தான்.

“யம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. இப்ப பாஸ்காரர் முறை. அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் சும்மா இருந்து கேக்கணும். இந்த வாசிப்புல அதான் மரியாதை.”

சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் அந்த வெந்நீரை வாங்கிக் குடித்தான். நான் வந்து உட்கார்ந்தேன்.

பாஸ்காரர் முடித்தார். பியானோவும் தன் முறை சொல்லி முடித்தது. சேகர் டிரம்பெட்டை எடுத்தான். தூங்குகிற ஆளை எழுப்பாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி வாசித்தான். உச்சிக்குப் போன இடத்தில் ஒருமுறை ஓசை கீறியது. அவன் நிறுத்தவில்லை. கீறிய ஓசையையே பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, அங்கிருந்து வேறு வழியாக மேலே போனான். மார்த்தா பியானோவிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்தேன். சிறு வயதில் அப்பாவின் கிளாரினெட்டைத் தொட விட்டபோதுகூட அந்த முகம் வந்ததில்லை.

ஏழே முக்காலுக்கு முடிந்தது. மார்த்தா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கோடை முழுக்க உங்கள் மகன் எனக்கு வேண்டும் என்கிறாள் என்று சேகர் சொன்னான். பிறகு அவள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டான்.

“ஸ்கூலுக்கு இன்னா சொல்லட்டும்மா? நீ சொல்லு, நான் இருந்துர்றேன்.”

நிஜமாகத்தான் கேட்டான். இரு என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பான்.

“வேற ஆளு போட்டுட்டாங்களாம் நைனா. நீ உள்ள போனப்பதான் போன் வந்துச்சி” என்றேன்.

வேறு ஆள் யாரையும் போடவில்லை. அந்த இடம் இன்றைக்கும் காலிதான்.

செவ்வாய் காலை விமானத்தில் போய்விட்டான். இங்கே எட்டாவது மாடியில் நின்று என்ன ஊதினாலும் எங்கள் பிளாக்கில் யாரும் தடியால் தட்டப் போவதில்லை. இன்னொரு பாட்டு கேட்பார்கள். ஆனால் அவன் ஓய்ந்து நிற்கும்போது எடுத்துச் சொல்ல பாஸ்காரர் இங்கே இல்லை, மார்த்தா இல்லை.

இதைப் பிளாக் பெண்களுக்கு வாசித்துக் காட்டப் பேத்தி ஜெனி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னை முறைப்பாள், தெரியும். மாமனுக்குப் போன் போடக் கூடாது என்று இப்போதே சத்தியம் வாங்கிவிட்டேன். இந்தா, நோட்டைப் பிடி. எதையும் விடாம, மெதுவா வாசி கண்ணு.