ஒரு காதில் சுருதி, ஒரு காதில் பாட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம், எங்கள் ஏரியாவான அஸ்தினாபுரத்தில் நடந்தது இது. நான் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். இந்த இரண்டையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டியது, நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். கேஸ் சிலிண்டரை மூடியாகிவிட்டதா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். மழை பெய்தால் கரண்ட் கம்பத்தைத் தொடாதே என்பேன், வெயில் அடித்தால் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பேன். "ஊர்ல கீற நோவெல்லாம் மொதல்ல உன் போன்லதான்யா வருது" என்பாள் என் மனைவி.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவள் பள்ளிக்குப் புதிதாக ஒரு பாட்டு மிஸ் வந்தார். சின்ன வயது. அதற்கு முன்பெல்லாம் பாட்டு வகுப்பு என்றால் ஐம்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்தும், மணி அடித்ததும் எழுந்து ஓடும். இந்த மிஸ் ஒரு லேப்டாப்பையும், பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த பத்துப் பன்னிரண்டு ஹெட்போன்களையும் வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் முறை வைத்து மாட்டிக்கொள்வார்கள். இடது காதில் தம்புரா சுருதி 'ஊங்' என்று விடாமல் ஓடும். வலது காதில் மிஸ் ஒரு வரி பாடுவார். பிறகு அவர் குரல் நின்றுவிடும், சுருதி மட்டும் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அந்த வரியைத் திருப்பிப் பாட வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் சுருதியை விட்டு விலகுகிறது என்று லேப்டாப் திரையில் ஒரு கோடு ஓடிக் காட்டும்.

"எல்லாரு கோடும் நேரா போவுதுப்பா, என் கோடு மட்டும் மாடி ஏறிடுது" என்று சொல்லி என் மகள் சிரித்தாள். பாவம், பாட்டு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதில் என் மனதில் நின்றது ஹெட்போன் என்ற ஒரு வார்த்தைதான்.

அதே வாரம் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. ஹெட்போன் மாட்டினால் குழந்தைகளின் காது நரம்பு அழுகிப்போகும் என்று. யார் எழுதியது, உண்மையா பொய்யா, எதையும் நான் பார்க்கவில்லை. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். அதன் பிறகு சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தெரிந்த மூன்று பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றேன்.

"படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? புள்ளைங்களுக்குக் காது போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பாட்டு மிஸ் கதவோரம் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "சவுண்ட் ரொம்பக் கம்மியாதான் வெச்சிருக்கேன் அண்ணா" என்றார்.

"காது எங்க புள்ளைங்களுது மிஸ்" என்றேன்.

பிரச்சினை வேண்டாம், இப்போதைக்கு ஹெட்போனை நிறுத்திவிடலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். வெளியே வரும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஒரு பள்ளிக்கூட அறையில் நின்று நான் பேசி ஒரு காரியம் நடந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்து சொன்னாள், "பாட்டு மிஸ் உன்ன ஒரு வாட்டி வந்து பாக்கச் சொன்னாங்கப்பா." என் மேல் புகார் எழுதிக் கொடுத்திருப்பாரோ? பிள்ளையை வேறு பள்ளிக்குக் கூட்டிப்போகச் சொல்வார்களோ? சவாரி இருக்கிறது என்று சொல்லி நழுவினேன். பிறகு போன் வந்தது. பள்ளி குரூப்பில் பார்த்த அவர் நம்பர்தான். கட் செய்தேன். மறுபடி வந்தது, மறுபடி கட் செய்தேன். இப்படியே பத்து நாள் ஓடியது.

ஒரு மத்தியானம் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தோம். அந்த வேகாத வெயிலில், தோளில் லேப்டாப் பையோடு மிஸ் நடந்து வந்தார். பக்கத்து ஆட்டோக்காரன் என் விலாவில் இடித்தான்.

"மச்சான், உன்ன தேடிகினு டீச்சரே வந்துகீறாங்க. ஹோம்ஒர்க் பண்லியா நீ?"

ஸ்டாண்டே சிரித்தது. அவர் நேராக வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க மிஸ் போவணும்?"

"எங்கயும் போகவேணாம் அண்ணா. சண்டைக்கும் வரல. பத்து நிமிஷம் பின்னால வந்து உக்காருங்க."

நடுவில் பையை வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். என் வண்டியிலேயே சவாரிக்காரன் மாதிரி பின் சீட்டில் உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் திறந்தபடியே அவர் சொன்னார்.

"நீங்க ஹெச்.எம்.மைப் பாக்க வந்தீங்களே, அதுக்கு முதல் நாள் உங்க பொண்ணு ஹெட்போனை மாத்தி மாட்டிட்டா. 'மிஸ், உங்க பாட்டு வரல, ஊங்னு மட்டும்தான் வருது'ன்னா. அது ரிப்பேர்னு நெனச்சு வேற ஒண்ணு குடுத்தேன். அதையும் மாத்தி மாட்டிப் பாத்தோம், அப்படியேதான். பக்கத்துப் பொண்ணு அதே ஹெட்போனை மாட்டினா, ரெண்டு பக்கமும் கேக்குது. சரி, அடுத்த கிளாஸ்ல ஒழுங்கா செக் பண்ணிப் பாக்கலாம்னு..."

நிறுத்திவிட்டார். அடுத்த வகுப்பில் ஹெட்போன் இல்லை. அதை நிறுத்தியவன் நான். அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

"சின்னப் பொண்ணு மிஸ். வெளாட்டுக்கு சொல்லியிருப்பா" என்றேன்.

அவர் ஹெட்போனை என்னிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு காதில் சுருதி தரை விரித்த மாதிரி ஓடியது. இன்னொரு காதில் அவர் குரல் அந்தத் தரைமேல் நடந்து போனது. குரல் நின்ற பிறகும் தரை இருந்தது. பிறகு அவர் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார். இடது பக்கம் அடங்கிவிட்டது. வலது பக்கம் மட்டும் அதே வரி வந்தது. அதுவும் நின்றது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

"இப்ப அந்த வரியைப் பாடுங்க அண்ணா."

"எனக்குப் பாட்டெல்லாம் வராது மிஸ்."

"யாருக்குமே வராது. எதைப் பிடிச்சுகிட்டுப் பாடுறது? உங்க பொண்ணுக்கு இப்படித்தான் கேக்குதுன்னு எனக்குத் தோணுது. அவளுக்குப் பாட்டு வராம இல்ல."

எனக்கு ஹெட்போனைக் கழற்றக் கை வரவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. டிவி பார்க்கும்போது எப்போதும் என் இடது பக்கம்தான் வந்து உட்காருவாள், அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டால் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். திமிர் என்று நினைத்து ஒருநாள் முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இது தெரியவில்லை.

"நான் டாக்டர் இல்ல. என் சந்தேகம் தப்பா இருந்தா எனக்கு சந்தோஷம்தான். ஆனா நாளைக்கே காட்டிடுங்க" என்று சொல்லி, டாக்டரிடம் கொடுக்க ஒரு தாளில் தான் பார்த்ததை எழுதிக் கொடுத்தார். தமிழில், நானும் படிக்கிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில்.

"மன்னிச்சிடுங்க மிஸ்" என்றேன்.

"காதைப் பத்திதானே பயந்தீங்க? சரியான எடத்துலதான் பயந்திருக்கீங்க. கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு, அவ்ளோதான்."

மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து அங்கேயும் ஹெட்போனைத்தான் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்கு அவள் கை டக் டக் என்று உயர்ந்தது. இடது காதுக்கு வந்தார்கள். பரிசோதனை செய்கிற பெண் பட்டனை அழுத்துகிறார், மறுபடி அழுத்துகிறார். மகளின் கை மடியிலேயே கிடந்தது. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக் கெட்டிப்பட்டிருக்கிறது, அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்குமே, அதனால் வந்தது என்றார் டாக்டர். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் செவிப்பறையே கெட்டுப்போகக்கூடும் என்றார். மருந்தில் சரியாகவில்லை. சின்னதாக ஆபரேஷன் செய்து ஒரு குட்டிக் குழாய் வைத்தார்கள். சில வாரங்களில் கேட்க ஆரம்பித்துவிட்டது. வலது காதைவிடக் கொஞ்சம் மட்டம்தான். ஆனால் கேட்கிறது.

பிறகு நான் முன்பு கூட்டிப்போன அதே பெற்றோர்களைத் தேடிப் போனேன். முதல் தடவையைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கி நீதானப்பா எங்கள இழுத்துகினு போன?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா, நான்தான். தப்பு பண்ணிட்டேன்."

ஹெட்போன் மறுபடி வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றார் தலைமை ஆசிரியை. நாலு வரி எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. மூன்று பெற்றோர்களும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

என் பயம் ஒன்றும் போய்விடவில்லை. இப்போதும் போனில் ஏதாவது வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் யார் மேலாவது பாய்வதற்கு முன்னால், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் என்ன சொல்கிறாள் என்று முழுசாகக் கேட்கிறேன். நாலு பேர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்தவனை, இரண்டு தடவை போனைக் கட் செய்தவனை, 'எக்கேடோ கெட்டுப் போ' என்று அந்த மிஸ் விட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அப்படி விட்டிருந்தால் என் மகளின் கதி என்ன என்ற அந்த ஒரு பயத்தை மட்டும் நான் போக்கிக்கொள்ளவே விரும்பவில்லை.