கிழிசல் கட்டிய நிரை

1984இல், மலேசியாவில் சுங்கை காடுட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பஞ்சாலை என்பவள் மருந்தடிக்கும் வேலையில் இருந்தாள். புல்லைக் கொல்லும் மருந்து. பதினான்கு வருடமாக முதுகில் பம்பு. வலது கையில் மூன்று நகங்கள் விழுந்துவிட்டன. மற்றவை மஞ்சளாகிப் பிளந்திருந்தன. கையுறை அடுத்த மாதம் வரும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்து சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது.

புருஷன் இறந்தபின், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்புறம் முயல் வளர்த்தாள். பெட்டைகள் பத்தாகிவிட்டால் கறி விற்றே பிழைக்கலாம், பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். எட்டு இருந்தன.

முயல் விஷயத்தில் அவளிடம் அசட்டை கிடையாது. மருந்தடித்து முடித்த ஒவ்வொரு நிரையின் முனை மரத்திலும் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் நகர்வாள். கிழிசல் இருக்கும் பக்கம் புல் அறுக்கமாட்டாள். உரித்த முயலின் ஈரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் முழு முயலையும் புதைத்துவிடுவாள். அப்படி நான்கைப் புதைத்திருக்கிறாள்.

அந்த வருடம் வீரமுத்துவின் மகளுக்குச் சடங்கு நடந்தது. மறுநாள் கறிவிருந்துக்கு ஆறு முயல் கேட்டிருந்தார்கள். மண்டோர் வீட்டிலேயே சமைத்துவிட்டால் லயத்தில் யார் வாங்கத் தயங்கப்போகிறார்கள்? விடிந்ததும் ஆறு ஆண் முயல்களை அறுத்து உரித்து, ஈரலோடு வாழையிலையில் வைத்துக் கொண்டுபோனாள்.

அங்கே பேச்சு வேறாக இருந்தது. செனாவாங்கிலிருந்து வந்த விருந்தாளி ஒருத்தி, தோட்டத்து முயல் விஷப்புல் தின்றிருக்கும், சாப்பிட்டால் ஆகாது என்று கிளப்பிவிட்டிருந்தாள். மண்டோர் மனைவி மயிலம்மாள் பயந்துபோய், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசரை வரவழைத்தாள். அவர் ஆறு ஈரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புல் எங்கே அறுக்கிறாள் என்று கேட்டார். பஞ்சாலை கிழிசல் கட்டுவதைச் சொன்னாள்.

"கறியில ஒரு கோளாறும் இல்ல. நல்லா வேக வச்சுச் சாப்பிடலாம்" என்றார். பிறகு, இலையை நகர்த்திய பஞ்சாலையின் விரல்களைப் பார்த்தார். "உரிச்சது யாரு?"

"நான்தாங்க ஐயா."

மயிலம்மாள் இலையை மூடினாள். "முயலு சுத்தமாத்தான் இருக்கு பஞ்சால. கை அப்படி இல்லியே. கோவிச்சுக்காத லா."

பஞ்சாலை டிரெசரைப் பார்த்தாள். "இந்தக் கைக்கு என்ன செய்யணுங்க ஐயா?"

"சோப்பு போட்டுக் கழுவு" என்றார் அவர், மண்டோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

விருந்துக்குக் கோழி வந்தது. இலையோடு அவள் திரும்பிப் போனதை லயமே பார்த்தது. அதன்பின் அவளிடம் கறி கேட்டு ஒருவரும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து எட்டுப் பெட்டைகளையும் மிச்சமிருந்த ஆண் முயலையும் மயிலம்மாளே உயிரோடு வாங்கிக்கொண்டாள். மயிலம்மாளின் நகங்கள் நன்றாக இருந்தன. அவள் வளர்த்தால் லயத்தார் வாங்குவார்கள்.

கூண்டைத் தூக்கும்போது, புல் எங்கே அறுப்பது என்று மயிலம்மாள் கேட்டாள். கிழிசல் கட்டாத நிரையில் அறுத்துக்கொள்ளலாம் என்றாள் பஞ்சாலை.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் வீரமுத்து அவள் பேரைக் கூப்பிட்டார். "ஒம்போதாம் நம்பர் காடு. மருந்த நீயே கலக்கிரு பஞ்சால. மத்தவளுங்களுக்குக் கையி எரியுதாம்."

பஞ்சாலை மருந்தைக் கலக்கினாள். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டாள். இடுப்பில் எப்போதும்போல் கிழிசல்கள் செருகியிருந்தன. வேலை முடிந்து திரும்பியபோதும் அவை அப்படியே இருந்தன.