நாலு கதவு வைத்த நீர்மூழ்கி

"என்னங்க இது, ஆழ்கடல் கப்பலா, கல்யாண மண்டபமா? நாலு பக்கமும் கதவு வச்சிருக்கீங்க!"

வீடியோ அழைப்பில் எங்கள் குழுத்தலைவர் ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். "மொய் எங்க சார் எழுதணும்?" என்றாள் ஒருத்தி.

நாங்கள் செய்துகொண்டிருந்தது வீட்டுக் கணினியில் ஆடும் விளையாட்டு. ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் ஒரு சின்ன நீர்மூழ்கிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். இறங்க இறங்க வெளிச்சம் குறையும். கடைசியில் கும்மிருட்டில், தானாக மினுங்கும் மீன்கள் வரும். அந்த நீர்மூழ்கியின் உட்புறத்தை உருவாக்குவது என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்தபின் முழுசாக என் கைக்கு வந்த முதல் வேலை அது. திருத்தங்கலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் செய்தேன்.

"தண்ணிக்குள்ள போறதுக்கு ஒரு கதவு போதும். வெள்ளிக்கிழமை பார்க்குறேன். அன்னைக்கும் சரியா வரலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்," என்றார் தலைவர்.

அழைப்பு முடிந்ததும் நான் கட்டியதை மறுபடி பார்த்தேன். நாலு கதவு மட்டுமல்ல, நாலும் வெளிப்பக்கமாகத் திறந்தன. எந்தக் கதவருகிலும் ஒரு சாமான் இல்லை. அது அம்மாவின் அறை.

அம்மா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து அடைக்கிறாள். எங்கள் ஊரில் பட்டாசு ஆலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அங்கே ஒவ்வொரு அறையும் மற்றதிலிருந்து தள்ளித் தனியாக நிற்கும். எல்லாப் பக்கமும் கதவு. வழியில் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. பொறி கண்டால் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். எங்கள் ஊரில் வேலை செய்யும் அறை என்றால் அப்படித்தான் இருக்கும். கடலுக்கு அடியிலும் என் கை அதையே கட்டிவிட்டது.

எனக்கு வெட்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். கைக்கு வந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்க நான் படிக்கவில்லை.

பக்கவாட்டுக் கதவுகளை எடுத்தேன். கூரையில் மட்டும் ஒன்று வைத்தேன். நிஜ நீர்மூழ்கியிலும் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரி அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது. ஆழத்தில் தண்ணீர் அந்தக் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இருட்டு தொடங்கும் இடத்தில், வெளியே போக வழியில்லையே என்று பயந்து கழற்றிவிட்டேன். மறுபடி மாட்டினேன், அதே இடத்தில் மறுபடி கழற்றினேன். மொய் கேட்டவளுக்கு அனுப்பி, இறங்கிப் பார்க்கச் சொன்னேன். அவளும் அங்கேதான் கழற்றினாளாம்.

அம்மா வேலை முடிந்து வந்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளிப் பொடி விரலிடுக்கில் மினுங்கியது. ஹெட்செட்டை நீட்டியதும் முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார்கள். புதுச் சாமான் எதைத் தொட்டாலும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும்.

"கண்ணைக் கட்டி விடுறியே தாயி," என்று மாட்டிக்கொண்டாள். நீர்மூழ்கி இறங்கியது. அம்மாவின் தலை இடது, வலது, பின்பக்கம் என்று திரும்பியது.

"வாசல் எங்கன இருக்கு?"

"மேல இருக்கும்மா. ஆனா இப்பத் திறக்காது."

"திறக்காத வாசலை எதுக்குடி வச்சிருக்க, அழகுக்கா?" கழற்றி என் மடியில் போட்டாள். "மீனு அம்புட்டையும் நீயே பாத்துக்க."

சிரித்தேன். ஆனால் செய்ய வேண்டியது புரிந்துவிட்டது. ஆழத்தில் வெளியே போகும் வழி கதவு இல்லை, மேலே ஏறுவதுதான். நிஜ நீர்மூழ்கியின் அடியில் இரும்பு எடை தொங்கும். அதைக் கழற்றிவிட்டால் வண்டி தானாக மேலே ஏறிவிடும். அதற்கான பிடி என் நீர்மூழ்கியிலும் இருந்தது. ஏதோ படத்தைப் பார்த்து இருக்கைக்குப் பின்னால் அலங்காரமாக வைத்திருந்தேன். அதை முன்னால் கொண்டுவந்தேன். வலது கைக்கு எட்டும் இடம், சிவப்பு வண்ணம், மேலே ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. எந்த ஆழத்தில் இழுத்தாலும் நிஜமாகவே ஏறும்படி எழுதினேன். பலமுறை தப்பாக ஏறியது, ஒருமுறை கடலைத் தாண்டி வானத்துக்கே போனது. வியாழக்கிழமை சரியாக வந்தது.

அன்று அம்மாவை மறுபடி உட்காரவைத்தேன். பிடியைக் காட்டி, இழுத்தால் என்ன நடக்கும் என்று சொன்னேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அதில் கையை வைத்தபடியே இறங்கினாள். இருட்டு தொடங்கும் இடத்தையும் தாண்டினாள்.

"ஏ ஆத்தே! மத்தாப்பு மாதிரியில்ல வருது!"

வெள்ளிக்கிழமை தலைவர் பிடியைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "வழியைக் கண்ணு முன்னாடியே வச்சிட்டா ஆடுறவங்களுக்குப் பயமே இருக்காதேங்க."

"பயந்தவங்க ஹெட்செட்டையே கழட்டி வச்சிருவாங்க சார். இதைப் பிடிச்சுக்கிட்டு அடி வரைக்கும் போய்ப் பாருங்க. அப்புறமும் வேண்டாம்னா, வேற ஆள்கிட்ட குடுத்துருங்க."

அவர் பார்ப்பது எங்கள் திரையிலும் தெரிந்தது. ஒரு கை பிடிமேல். இருட்டு தொடங்கும் இடம் வந்தது, அவர் கழற்றவில்லை. தரை தொடும்வரை போனார். அங்கே வெகுநேரம் இருந்தார், மீன்களைப் பார்த்துக்கொண்டு. பிறகு பிடியை இழுத்து மேலே வந்தார்.

"மண்டபம் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

குழுவில் இப்போது அந்த நீர்மூழ்கிக்கு மண்டபம் என்றுதான் பெயர். நான் மாற்றச் சொல்லவில்லை.