விரத நாளில் குளிசை: மச்சாளோடு நயினாதீவுக்கு

கடந்த ஆடியில் இரண்டு கிழமை ஊருக்குப் போயிருந்தேன். லண்டனில் எங்கள் பகுதித் தமிழருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு பற்றி வகுப்பெடுப்பது என் வேலை. அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன். என் கணவரின் அக்கா புவனா மச்சாள் புங்குடுதீவு மடத்துவெளியில் இருக்கிறார். அவருக்கும் அந்த வருத்தம்தான். அவரோடு ஓர் ஆடி வெள்ளிக்கு நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவதாகத் திட்டம்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் பஸ் எடுங்கள். முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். அல்லைப்பிட்டி, வேலணை தாண்டியதும் தெருவின் இரண்டு பக்கமும் கடல்தான். யன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளி காலை எட்டு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். ஆடி வெள்ளி என்பதால் சனம் நிறைய. மூன்றாவது படகில்தான் இடம் கிடைத்தது. நயினாதீவுக்குக் கடலில் கால் மணித்தியாலம், இருபது நிமிடம்தான். ஆனால் உள்ளே வெக்கை கூட.

படகு பாதி வழி போனபோது மச்சாள் பேச்சை நிறுத்திவிட்டார். நெற்றி வேர்த்திருந்தது. கையைப் பிடித்தேன்; நடுங்கியது.

"காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"விரதமெல்லோ. தண்ணி மட்டும்."

"குளிசை?"

"ஓம், அது போட்டனான்."

என் பையில் எப்போதும் ஒரு சோதிக்கும் கருவி கிடக்கும். விரலில் குத்திப் பார்த்தேன். லண்டன் கணக்கில் நாலுக்குக் கீழே; ஊர்க் கணக்கில் எழுபத்திரண்டுக்குக் கீழே. சீனி இறங்கிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ் வில்லையை எடுத்து நீட்டினேன். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏலாது. அம்மாளைக் கும்பிட முதல் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டன்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. சுற்றிலும் கடல். இன்னும் கொஞ்சம் இறங்கினால் மயங்கிவிடுவார்.

"மச்சாள், காலமை குளிசை போட்டதாலை விரதம் முறிஞ்சதோ?"

"இல்லை. அது மருந்து."

"இதுவும் மருந்துதான். அந்தக் குளிசை கூடிப்போச்சு. அதுக்கு மாற்று."

மச்சாள் கையை நீட்டினார். நாலு வில்லை கொடுத்தேன். படகு கட்டும்போது நடுக்கம் குறைந்திருந்தது. "ஆறுதலா இறங்குங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்" என்று படகோட்டி அண்ணை கைகொடுத்தார். கரையில் இருத்தி மறுபடி சோதித்தேன். ஐந்தரை. அதன் பிறகுதான் கோயிலுக்கு நடந்தோம்.

மத்தியானம் அன்னதானத்தில் பக்கத்தில் இருந்தபோது, விரதம் பிடிப்பதை மச்சாள் கிளினிக்கில் சொல்லியிருந்தாரா என்று கேட்டேன்.

"பிடிக்கக்கூடாதெண்டு சொன்னவை. நான் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்தனான். பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

சோறு போட வந்தவரைக் கையால் மறித்து, "காணும், மரக்கறியைப் போடும்" என்றார். சாப்பாட்டைப் பற்றி அவருக்கு நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. விரதத்தை விடச் சொன்னால் அவர் விடப்போவதில்லை. கிளினிக்கில் மறைக்கத்தான் போகிறார். என் வகுப்பில் தலையாட்டும் முகங்கள் ஞாபகம் வந்தன. அவர்களில் எத்தனை பேர் மறைக்கிறார்களோ.

திங்கட்கிழமை அவரோடு கிளினிக்குக்குப் போனேன். மச்சாளே சொன்னார். வைத்தியர் கோபிக்கவில்லை. எந்தெந்த நாள், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று விசாரித்தார். விரத நாளில் காலைக் குளிசையை விட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு வேறு அளவில் எடுக்கச் சொன்னார். எப்போது நடுங்கினாலும் இனிப்பு எடுக்க வேண்டும், அதற்கு விரதம் பார்க்கக்கூடாது என்றும் சொன்னார். மச்சாள் இம்முறை தலையாட்டவில்லை. இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

சீனி வருத்தத்தோடு தீவுக்குப் போகிறவர்கள் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். குளுக்கோஸோ கற்கண்டோ கைப்பையில் இருக்கட்டும். படகின் மேலே கட்டிவைக்கும் பையில் வேண்டாம். விரதம் பிடிப்பவர்கள் பயணத்துக்கு முதலே வைத்தியரிடம் சொல்லுங்கள். மச்சாளுக்கு மாற்றியது மச்சாளுக்கு மட்டும்தான். அதைப் பார்த்து நீங்களாகக் குளிசையை மாற்றாதீர்கள்.

லண்டன் திரும்பிய பிறகு, அடுத்த வெள்ளி மச்சாள் இறங்குதுறையிலிருந்து போனில் கூப்பிட்டார். பின்னால் படகு இரைந்தது.

"நடுக்கமொண்டுமில்லை. கேளுமன், பக்கத்து வீட்டு மனிசியும் கிளினிக்கிலை விரதத்தைச் சொல்லேல்லையாம். திங்கள் நான் கூட்டிக்கொண்டு போறன்."