மச்சான் கொடுத்த கயிறு

எங்கள் தூத்துக்குடியில் சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மனைவியின் அண்ணனிடம்தான் கொடுப்பான், கல்யாணமாகாதவன் என்றால் தாய்மாமனிடம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. என் மச்சானும் அப்படித்தான் என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு நான் பக்கத்து வள்ளத்துக்காரனோடு சண்டையில் இருந்தேன். கையில் கயிறு வெட்டி இழுத்தது தெரிந்தது. இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தூக்கினேன். உயிர் போயிருந்தது.

"அவர் இழுக்கவே இல்லை" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அவர் மகன் அந்தோணி கடலுக்கு வரவில்லை, பட்டாளத்தில் சேர்ந்தான். எழுபதுகளில் ஒரு நாள், அவன் பயிற்சி முடித்த அணிவகுப்பைப் பார்க்க என் தங்கை செசிலியோடு ரயிலேறிப் போனேன். அணிவகுப்பு கலைந்ததும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். அவள் அவனுடைய ஒட்ட வெட்டிய தலையைத் தடவித் தடவி அழுதாள்.

அவள் முகம் கழுவப் போனபோது அவன் என் பக்கம் வந்தான்.

"மாமா, இங்க பாறையில கயித்தக் கட்டி எறக்குதாவ. கீழ உள்ளவன் லேசா அசைச்சாலே மேல பிடிக்கவன் கைக்குத் தெரியுது."

நான் செசிலி போன பக்கம் பார்த்தேன்.

"கடல்ல எறங்கணும்னா கயித்த ஒங்ககிட்டதான குடுக்கணும்? அதான் இங்கன வந்துட்டேன்."

அவன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை. யாராவது வந்தால் செசிலி இப்போதும் சொல்லுவாள்: "எங்கண்ணன நம்பி உசிரையே குடுக்கலாம்."